கர்னலும் டல்சியும் இயற்கைக்குத் திரும்பிய விவரம்

ஹாலிஃபாக்ஸ்,
புதன்கிழமை, மழை.

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய வின்னி அக்காவுக்கு,

தம்பி நெவில் பணிவோடு எழுதுவது. இங்கே நானும், கர்னலும், டல்சியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். மனதைப் பற்றி நான் மட்டும்தான் சொல்ல முடியும், மற்ற இரண்டும் கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடம்புள்ள ஃபெரெட்டுகள். அங்கே விட்பியில் நீயும், ஹெர்பெர்ட் அத்தானும், அவருடைய பந்தயப் புறாக்களும் கடல்காற்று வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள். உன்னிடம் வந்திருக்கிற என் மோரீனும் சௌக்கியமாகத்தான் இருப்பாள். என்னைவிட்டுத் தள்ளியிருக்கிற எல்லாருமே சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள் என்று அவளே வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

போனில் பேசாமல் எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறாய் என்று நீ கேட்பாய். கூப்பிட்டுப் பார்க்காமலா இருப்பேன். கூப்பிட்டபோதெல்லாம் மோரீன்தான் எடுத்தாள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை அத்தான் எடுத்தார். "நான் வீட்ல இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவரும் வைத்துவிட்டார். ஆகவே கடிதம். மோரீன் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படி. ஊர் உலகத்தில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் பிறந்த வீட்டுக்குப் போவாள். என் பெண்டாட்டி நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். என் பக்கம் நிற்க வேண்டிய ஒரே ஆளையும் கையோடு வளைத்துப் போட்டுக்கொண்டாள், அவள் கெட்டிக்காரத்தனத்துக்கு இது போதாதா. அக்கா, சுற்றி வளைக்கவில்லை. அவள் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். என்ன நடந்தது என்று அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், நான் நடந்தது நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே அவளிடம் பேசு.

எல்லாம் அந்த விவசாயக் கண்காட்சியில்தான் ஆரம்பித்தது. ஃபெரெட் கூடாரத்தில் கர்னலைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். காலையில்தான் குளிப்பாட்டி, துவட்டி, என் சீப்பாலேயே வாரிவிட்டிருந்தேன். நடுவர் அம்மாள் அவனைத் தூக்கினாள், முதுகு முடியை எதிர்த்திசையில் தடவினாள், உதட்டை விலக்கிப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "முடி மங்கல். பல்லுல காரை. வாய் நாறுது" என்று கூடாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். பின்வரிசையிலிருந்து எவனோ, ஃபெரெட்டைச் சொல்கிறாளா ஆளைச் சொல்கிறாளா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்வது. முதல் பரிசான சிவப்பு ரிப்பன் யாருக்குப் போனது தெரியுமா? ட்ரெவர் மெட்காஃபுக்கு. பேருந்துப் பணிமனையில் என் தலைமேல் உட்கார்ந்திருந்தானே, நான் கொஞ்சம் தாமதமாக வந்தால் வாயைத் திறக்காமல் கைக்கடிகாரத்தை மட்டும் தட்டிக் காட்டுவானே, அவனேதான். அவனுடைய சுல்தான் என்ற ஃபெரெட்டின் முதுகில் விளக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது, அதை நான் மறுக்கவில்லை.

மனசு கேட்காமல் அவனிடமே போய் ரகசியத்தைக் கேட்டேன். "இன்னும் அந்த மூட்டைத் தீனியவா போடுற? அது தீனி இல்ல நெவில், மரத்தூள். நம்ம வீட்ல முழுக்க இயற்கை. பச்சைக் கறி, எலும்பு, ஈரல். காட்டுல என்ன தின்னுமோ அதான்" என்றான். எந்தக் காட்டில், சுல்தான் பிறந்ததே உன் வீட்டுத் துணி அலமாரியில்தானே என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, அது ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னான். நம் அப்பா முயல் பிடிக்க வைத்திருந்த ஃபெரெட்டுகளுக்கு முயல் தலையைத்தான் தூக்கிப் போடுவார், உனக்கு ஞாபகமிருக்கும். அவர் அதை இயற்கை உணவு என்று சொல்லவில்லை, மிச்சம் என்றார். அதையே இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் சித்தாந்தமாகிவிடுகிறது. ஆனால் நான் அந்த வெளிச்சம் வழுக்கும் முதுகைப் பார்த்துவிட்டேனே, அக்கா. வாய் நாறுகிறது என்று ஊரே கேட்கச் சொன்ன பிறகு எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்.

அடுத்த நாளே ஒரு பெட்டி நிறைய உறைய வைத்த கோழிக்குஞ்சு, கோழி ஈரல், இருதயம், முயல் கால் எல்லாம் வாங்கிவந்தேன். மோரீன் ஃப்ரீசர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று நிபந்தனை போட்டாள். கடைசி இழுப்பறை மட்டும்தான், எப்போதும் மூடியிருக்க வேண்டும், அவளுடைய பட்டாணிப் பொட்டலத்தில் ஒரு இறகு ஒட்டியிருந்தாலும் நானும் அதுங்களோடு கொட்டகையில்தான் படுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இப்போது அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும், அந்த நிபந்தனைகளை நான் கடைசிவரை மீறவில்லை என்பதை நீ எடுத்துச் சொல்ல வேண்டும். நான் மீறியதெல்லாம் அவள் போட மறந்த நிபந்தனைகளைத்தான்.

முதல் குஞ்சைக் கரைய வைத்துத் தட்டில் வைத்தேன். கர்னல் வந்தான், மோந்தான், குஞ்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மூக்கால் செய்தித்தாளை நிமிண்டி நிமிண்டி அதை மூடி, அடக்கம் செய்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். ட்ரெவரைக் கேட்டால், அது அப்படித்தான், குட்டியில் எந்த வாசனை பழகியதோ அதுதான் ஃபெரெட்டுக்குச் சாப்பாடு, மற்றதெல்லாம் வெறும் பொருள், விடாமல் பழக்கணும் என்றான். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நம் அப்பா பூண்டு போட்ட எதையும் சாகும்வரை வாயில் வைக்கவில்லை. டல்சி கதை வேறு. அவளுக்குக் குஞ்சு என்றால் ஒரே குஷி, ஆனால் தின்பதற்கில்லை, சேமிப்பதற்கு. கழுத்தைக் கவ்விக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, சோபாவுக்கு அடியில் கிழிந்த துணி வழியாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அடுத்தது எங்கே என்று வந்து நிற்பாள். நான் தட்டு காலியானதைப் பார்த்து, அடடா, சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு மேலும் மேலும் வைத்தேன். மோரீனிடம் பெருமையாகச் சொல்லக்கூடச் செய்தேன்.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் ஒரு வாடை கிளம்பியது. மோரீன் சாக்கடை என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் சாக்கடை என்றுதான் தோன்றியது, சத்தியமாக. குழாய்க்காரரைக் கூப்பிட்டாள். அவர் முன்னறைத் தரைப் பலகையைப் பெயர்த்தார், குளியலறையைப் பெயர்த்தார், குப்புறப் படுத்து மோந்து பார்த்தார், இவ்வளவு சுத்தமான சாக்கடையை நான் பார்த்ததே இல்லை என்று பாராட்டிவிட்டு, பெயர்த்ததையெல்லாம் அரைகுறையாக மூடிவிட்டுப் போனார். சாயங்காலம் அவரே போன் செய்தார். தன் கருவிப் பைக்குள், ஸ்பானருக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில், ஒரு கோழிக்குஞ்சு படுத்திருக்கிறது, அது உங்கள் வீட்டுடையதா என்று மரியாதையாகக் கேட்டார். டல்சிக்கு அந்தப் பை பிடித்திருந்திருக்கிறது. மோரீன் போனை வைத்துவிட்டு நேராக சோபாவிடம் போய் அதைக் கவிழ்த்தாள். உள்ளே என்ன இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாள். மோரீன் 'சரி' என்றால் ஒன்றும் சரியில்லை என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? ட்ரெவர் சொன்னான், நேராகக் கறியைக் காட்டினால் மிரளத்தான் செய்யும், கூழாக அடித்து, வெதுவெதுப்பாக்கி, விரலில் தொட்டு மூக்கில் பூசு, நக்கி நக்கி ருசி பிடித்துக்கொள்ளும் என்று. அடிப்பதற்கு மிக்ஸி வேண்டும். வீட்டில் மிக்ஸி ஒன்றுதான், மோரீன் சூப் வைக்கிறது. இது நிபந்தனையில் இல்லை, அக்கா. ஈரலையும் இருதயத்தையும் போட்டு அடித்தேன், மூடியை அழுத்திப் பிடிக்கவில்லை, அதன் விளைவு சமையலறைக் கூரையில் இன்னும் லேசாகத் தெரிகிறது. மிச்சத்தை கர்னல் மூக்கில் பூசினேன். அவன் நக்கவில்லை. முகத்தைக் கொண்டுபோய் மோரீனுடைய க்ரீம் நிறத் திரைச்சீலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டான், நாப்கின் கொடுத்தால் நாம் துடைத்துக்கொள்வோமே அதுபோல நிதானமாக. டல்சி கூழ் பூசிய உடம்போடு துள்ளிக் குதித்து, மாடிப்படி ஏறி, எங்கள் படுக்கையில் மோரீன் பக்கத்துப் போர்வைக்குள் புகுந்துவிட்டாள். அப்போது மோரீன் உள்ளே இருந்தாள். கீழே நின்றபடியே எனக்கு மறுபடியும் அந்த 'சரி' கேட்டது.

இப்போது வரப்போகிறதுதான் முக்கியம். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

அடுப்புக்குப் பக்கத்தில் மோரீன் வைத்திருக்கும் நீலக் கிண்ணம் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வேகும்போது இறங்குகிற கொழுப்பை அதில் ஊற்றி வைப்பாள். யார்க்‌ஷயரில் அந்தக் கிண்ணம் இல்லாத வீடு வீடே இல்லை. கர்னலுக்கு உலகத்தில் மூட்டைத் தீனிக்கு அடுத்தபடி பிடித்தது அந்தக் கொழுப்புதான், விரலில் வைத்தால் கண்ணைச் சொருகிக்கொண்டு நக்குவான். எனக்கு ஒரு யோசனை வந்தது. (வராமல் இருந்திருக்கலாம்.) அந்தக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து, உருக்கி, சால்மன் மீன் எண்ணெயும், ஈரல் சாறும், முயல் கொழுப்பும் கலந்து, கறித்துண்டின்மேல் தடவிக் கொடுத்தால் தெரிந்த வாசனையோடு தெரியாததும் உள்ளே போய்விடும் அல்லவா? கலந்தேன். தடவினேன். கர்னல் மேலே தடவியதை மட்டும் ஒழுங்காக நக்கிவிட்டுக் கறியை அடக்கம் செய்தான். கலவை நிறைய மிஞ்சிவிட்டது. அக்கா, நீயே சொல். நல்ல கொழுப்பைக் கழுவி ஊற்றுகிறவன் நம் அம்மா வயிற்றில் பிறந்தவனாக இருக்க முடியுமா? ரொட்டியில் தடவிய கொழுப்பை நான் தரையில் சிந்தியதற்கு அம்மா சாயங்காலம் வரை பேசாமல் இருந்தது உனக்கு மறந்திருக்காது. கை தானாகப் போனது. மிச்சத்தை நீலக் கிண்ணத்திலேயே திருப்பி ஊற்றிவிட்டேன். ஆறியதும் மேலே வெள்ளையாக உறைந்து, பார்க்க எப்போதும்போலவே இருந்தது.

மறுநாள் சபைக்கூடத்தில் அறுவடை விருந்து.

அந்த விருந்துக்கு, குழம்பு ஊற்றித் தின்கிற உப்பிய அப்பம் போன்ற யார்க்‌ஷயர் புட்டிங் செய்வது யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மோரீன்தான். மாவைக் கரைத்து ஆறவிட்டு, தகட்டில் நீலக் கிண்ணத்துக் கொழுப்பு புகைகிற பதத்தில் ஊற்றி, அடுப்பைத் திறக்காமல் அவள் காத்து நிற்கிற நேரத்தில் யாரும் சமையலறைக்குள் காலை வைக்கக்கூடாது. என் சம்பளத்தை வைத்தோ, என் அழகை வைத்தோ இந்த ஊரில் எங்களுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. அந்தப் புட்டிங்கை வைத்துத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு அது எப்போதையும்விட நன்றாகவே உப்பி, பொன்னிறமாக, மொறுமொறுவென்று வந்தது. இரண்டு பெரிய தாம்பாளம். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் ஏதோ ஒரு வாசனை வந்தது, என் கோட்டில் ஒட்டிய எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன்.

போதகர் ஜெபித்து முடித்தார், எல்லாரும் குழம்பை ஊற்றிக்கொண்டு ஒரு வாய் வைத்தார்கள்.  போதகர் மென்றுகொண்டே கூரையைப் பார்த்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மேசையில் இருந்தவர், "வித்தியாசமா இருக்கு" என்றார். நம் ஊரில் இதைவிட மோசமாக ஒரு சமையலைச் சொல்ல முடியாது. யாரும் துப்பவில்லை, நல்ல ஜனங்கள். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். அப்போதுதான் பார்பரா மெட்காஃப் (ட்ரெவருடைய மனைவி, ரிப்பன் வாங்கிய நாளிலிருந்து கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருக்கிறாள்) முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மோரீன், கண்ணு, இதுல மீன் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? வயசானால் மூக்கு மங்கிப்போவது சகஜம்தான், மோரீன் எத்தனை வருஷம்தான் கஷ்டப்படுவாள், அடுத்த வருஷத்திலிருந்து புட்டிங்கைத் தானே செய்துகொண்டு வருவதாகவும், தன் வீட்டில் கடையில் வாங்கினது எதுவும் கிடையாது, எல்லாமே கைப்பாகம்தான் என்றும் சொன்னாள். மேசையைச் சுற்றி மெதுவாகத் தலைகள் ஆடின. போதகர்கூட ஆட்டினார்.

மோரீன் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்து, மென்று, முழுங்கினாள். பிறகு அந்தக் கூடத்தின் மறுகோடியில் தேநீர்க் கெண்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். எனக்கு உள்ளங்காலிலிருந்து எல்லாம் புரிந்துபோயிற்று.

அவள் கடைசிவரை இருந்தாள், பாத்திரங்களைக் கழுவினாள், எல்லாருக்கும் நல்லிரவு சொன்னாள். மீந்த புட்டிங்கை ஒரு துணியில் கட்டி எடுத்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூண்டைத் திறந்து, ஒரு புட்டிங்கைப் பிட்டுத் தரையில் வைத்தாள். அக்கா, அத்தனை நாளாக ஈரலுக்கும் இருதயத்துக்கும் முகம் கொடுக்காத இரண்டு ஜீவன்களும் ஓடிவந்தன. கர்னல் கண்ணைச் சொருகிக்கொண்டு தின்றான். டல்சி ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை சோபாவுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். இதைவிட ஒரு சாட்சியை எந்த நீதிமன்றத்தில் கொண்டுவர முடியும்?

"கிண்ணத்துலயா?" என்றாள் மோரீன்.

"மிச்சத்தை வீணாக்க வேண்டாமேன்னு..." என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்காது. "உன் ஃபெரெட்டோட வாய் நாறுதுன்னு யாரோ சொன்னாங்கன்னு உனக்குப் பொறுக்கல. சரி. இன்னிக்கு என்னை என்ன சொன்னாங்கன்னு கேட்டியா நெவில்? நீ அங்கதானே நின்ன, ஒரு வார்த்தை சொன்னியா, நான்தான் ஊத்தினேன்னு?"

  நான் நின்றேன்தான், கெண்டி கையில் இருந்ததுதான், வாய் திறக்கவில்லைதான். பார்பராவுக்குப் பின்னால் ட்ரெவர் உட்கார்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைத் தட்டுவதுபோலவே எனக்கு ஒரு எண்ணம், நாக்கு எழவில்லை. கண்காட்சியில் தோற்றவன் நான், சபையில் தலைகுனிந்தது அவள். மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அக்கா, நான் திருந்திவிட்டேன். ஃப்ரீசரைக் கழுவித் துடைத்துவிட்டேன், இப்போது அதில் பட்டாணி மட்டும்தான் இருக்கிறது, அநாதையாக. புது மிக்ஸி, புதுத் திரைச்சீலை. நீலக் கிண்ணத்தை வெந்நீரில் தேய்த்து, கவிழ்த்து வைத்திருக்கிறேன். கர்னலுக்கும் டல்சிக்கும் பழைய மூட்டைத் தீனிதான், ஆனந்தமாகத் தின்கிறார்கள், இத்தனை பாடும் எதற்கு என்று என்னைப் பார்த்துக்கொண்டே தின்கிறார்கள். நான் டப்பாவில் அடைத்த பீன்ஸைச் சூடாக்கித் தின்கிறேன். சூடாக்குவதற்குக்கூட சில நாள் மனசு வருவதில்லை. ராத்திரி அவள் பக்கத்துப் போர்வையை மடித்து வைக்கக் கை வரவில்லை, விரித்தபடியே கிடக்கிறது. அவள் இல்லாத வீடு நன்றாக இல்லை, அக்கா. இதை நான் அவளிடம் நேரில் சொன்னால் சிரிப்பாள், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இதோடு ஒரு முடிவும் எடுத்துவிட்டேன். அவளா ஃபெரெட்டா என்று ஒரு கேள்வி வந்தால் அவள்தான். நாளைக் காலையில் கர்னலையும் டல்சியையும் ட்ரெவரிடமே கொடுத்துவிடப் போகிறேன். அவனுக்குத்தான் இயற்கையாக வளர்க்கத் தெரியும், முதுகில் வெளிச்சம் வழுக்கட்டும். போன குளிர்காலத்தில் டல்சிக்கு இருமல் வந்தபோது மோரீன்தான் அவளை மடியில் போட்டு, சொட்டுச் சொட்டாக மருந்து கொடுத்தாள், ஆனாலும் கொடுக்கத்தான் போகிறேன். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, கொழுப்பில் கை வைத்தது நான்தான் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளவும் தயார். பார்பரா புட்டிங் செய்தால் அதையும் வாயை மூடிக்கொண்டு தின்கிறேன். இதையெல்லாம் நீ பக்குவமாக, அவள் தேநீர் குடித்து முடித்த பிறகு, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும். உன் சொல்லை அவள் தட்டமாட்டாள், என் சொல்லைத்தான் தட்டுவாள்.

உன் முழங்கால் வலி குறையவும், அத்தானுடைய புறாக்கள் எல்லாம் வழி தவறாமல் கூடு சேரவும், என்னிடமிருந்து விலகியவர்களும் அப்படியே கூடு சேரவும் வேண்டிக்கொண்டு,

உன் கீழ்ப்படிதலுள்ள, புத்தி தெளிந்த தம்பி,
நெவில் பாராக்ளஃப்.

பி.கு.: உறையை ஒட்டி வைத்திருந்தேன், இப்போது கிழித்து எழுதுகிறேன். காலையில் சொன்னபடியே இரண்டையும் கூடையில் வைத்து, பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் கொடுத்து வைத்திருந்த மீந்த கோழிக்குஞ்சுப் பெட்டியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு ட்ரெவர் வீட்டுக்குப் போனேன். பார்பரா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். ட்ரெவர் கதவைத் திறந்ததும் கூடையை அவன் கையில் திணித்தேன், குஞ்சு கரைந்துவிடப் போகிறதே என்று நானே கார் கொட்டகையில் இருந்த ஃப்ரீசருக்குப் போனேன். "நெவில், இரு, நான் வெக்கிறேன், இருய்யா" என்று கூடையோடு பின்னாலேயே ஓடிவந்தான். அதற்குள் மூடியைத் திறந்துவிட்டேன். கறி இல்லை. ஈரல் இல்லை. ஒரு குஞ்சு இல்லை. விளிம்புவரை கடையில் விற்கிற உறைய வைத்த யார்க்‌ஷயர் புட்டிங், பொட்டலம் பொட்டலமாக, சூடாக்கினால் போதும் என்று மேலே படம் போட்டது. ஃப்ரீசருக்குப் பக்கத்தில், நான் வாங்குகிற அதே மூட்டைத் தீனி, வாய் திறந்து கிடக்கிறது, அள்ளுகிற கரண்டி உள்ளேயே குத்தி வைத்திருக்கிறது. நான் ட்ரெவரைப் பார்த்தேன். அவன் என் செருப்பைப் பார்த்தான். அப்படியானால் சுல்தான் முதுகில் அந்த மினுமினுப்பு எப்படி வந்தது என்று கேட்டேன். "கண்டிஷனர்" என்றான், மெதுவாக. "பார்பரா தலைக்குப் போடுறது. நெவில், நீ பாத்தேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

 என் கையில் கடிகாரம் இருந்தது, அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே அக்கா, மேலே எழுதிய மன்னிப்பு, முடிவு, வாக்குறுதி எல்லாம் ரத்து, எதையும் மோரீனிடம் சொல்லாதே. கர்னலும் டல்சியும் இங்கேயே இருக்கிறார்கள். சபையில் எழுந்து நிற்பது மட்டும் உண்டு, ஆனால் நான் பேசப்போவது கொழுப்பைப் பற்றி மட்டுமல்ல. பார்பரா கைப்பாகம் என்றதும் தலையாட்டினார்களே, அவர்களுக்கு அந்தப் பொட்டலத்தின் படம் எப்படி இருந்தது என்றும் சொல்லப்போகிறேன். இதை மட்டும் அவளிடம் சொல், தேநீர் குடித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சொல்லிவிட்டு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று அத்தானை விட்டுப் பார்க்கச் சொல். ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுவேன். அவள் இறங்கும்போது முகத்தில் இருக்கப்போகிற அந்தச் சிரிப்பை, இந்த ஊரில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும்.